கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை: தோற்றக் கதையும் புவிசார் குறியீடும்

திராட்சை விளையும் வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அங்கு வடிக்கப்படும் மதுவின் வரலாற்றையே எழுதுகின்றனர். பிரான்சின் போர்தோவுக்கு அம்முறை பொருந்தும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் பொருந்தாது. இங்குத் திராட்சை உண்ணும் கனியாகவே வளர்ந்தது. அதன் தோற்றக் கதையையும் பதிவுபெற்ற பெயரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திராட்சை மது தமிழகத்திற்குப் புதிதன்று. யவனர் தந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிக்கிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் நாட்டு ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆயினும் இவை கடல் வணிகத்தின் சான்றுகள். உள்நாட்டுத் திராட்சை வேளாண்மைக்குச் சான்றாகா.

கம்பத்தில் மிகுதியாகப் பயிராகும் பன்னீர் திராட்சை, உலகெங்கும் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் இனமாகும். இதனைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. ஆனால் இவ்வினம் இங்கிலாந்தின் பெட்போர்ட்ஷயரில் ஏறத்தாழ 1850இல் உருவாக்கப்பட்டது எனத் திராட்சையின ஆய்வு நூல்கள் கூறுகின்றன. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. 1832இல் வந்தது வேறொரு கொடியாக இருந்திருக்கலாம். பிற்காலத்தில் வந்த இனத்தின் மீது அந்த ஆண்டு ஏற்றப்பட்டிருக்கலாம். கட்டுரைக்குக் கட்டுரை இவ்வாண்டு மறுஆய்வின்றி எடுத்தாளப்படுவது வருந்தத்தக்கது.

குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். கம்பத்தில் அவ்வுறக்கம் இல்லை. கவாத்து செய்த நாளே பருவத்தை முடிவு செய்கிறது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கையில் அடுத்த தோட்டத்துப் பந்தலில் குலை கறுத்திருக்கும். ஆண்டு முழுவதும் இங்கிருந்து பழம் சந்தைக்குச் செல்வது இதனாலேயே. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் இப்பள்ளத்தாக்கின் வேளாண்மையையே மாற்றியமைத்ததையும் இதனுடன் சேர்த்தே காண வேண்டும்.

மதுத் தொழில் இங்கு வேரூன்றாமைக்கு அரசியல் காரணமும் உண்டு. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. மகாராட்டிரமோ 2001இல் ஒயினுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து நாசிக்கை வளர்த்தது.

கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரம் பட்டு அதனை முன்னரே பெற்றுவிட்டது. சின்ன காஞ்சிபுரத்துத் தறியில் குறியீடு காப்பது கோர்வை இணைக்கும் கைத்திறனை. பட்டு நூல் வெளியூரிலிருந்து வரினும் குறையில்லை. கம்பத்திலும் இனம் வெளியிலிருந்து வந்ததே. மண்ணும் தட்பவெப்பமும் கவாத்து முறையுமே உள்ளூர்க்குரியவை. ஆகவே தோற்ற ஆண்டு பிழைபட்டாலும் குறியீட்டின் அடிப்படை தளராது. வேறுபாடு சந்தையில்தான் உள்ளது. நெய்த புடவை விலைக்காகக் காத்திருக்கும். மெல்லிய தோலுடைய பன்னீர் திராட்சை பறித்த சில நாள்களில் விற்றாக வேண்டும். வரத்து மிகும் வாரத்தில் வணிகர் சொல்லும் விலையை உழவர் மறுக்க இயலாத நிலையைப் பதிவுபெற்ற பெயர் இன்னும் மாற்றவில்லை.