உருகிப் போகும் சாட்சியம்
ஆலங்கட்டி மழையும் வீட்டுக் காப்பீடும்

2024ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மணிப்பூரின் இம்பால் பள்ளத்தாக்கில் கடும் ஆலங்கட்டி மழை பெய்தது. அப்பகுதியின் வீடுகளில் பல, துத்தநாகம் பூசிய நெளிதகரத்தால் கூரை வேயப்பட்டவை. ஆயிரக்கணக்கான வீடுகளின் கூரைகள் அன்று சல்லடையாயின. பள்ளிகளும் கல்லூரிகளும் அடுத்த இரண்டு நாட்களுக்கு மூடப்பட்டன. விழுந்த கட்டிகள் விரைவிலேயே உருகி ஓடிவிட்டன. ஓட்டைகள் மட்டும் எஞ்சின.

ஆலங்கட்டி மழையின் தனித்தன்மை இதுதான். வெள்ளம் வடிந்தாலும் சுவரில் நீர்க்கோடு நிற்கும். தீ அணைந்தாலும் கரி கிடக்கும். ஆலங்கட்டியோ சேதத்தை விளைவித்துவிட்டுத் தன்னைப் பற்றிய சாட்சியத்தைத் தானே அழித்துக்கொள்கிறது. சில நாட்கள் கழித்து வரும் மதிப்பீட்டாளரின் கண்ணுக்குத் தெரிவது, எப்போது ஏற்பட்டது என்று சொல்ல முடியாத ஓர் ஓட்டையும் கூரையடியில் ஓர் ஈரக்கறையும் மட்டுமே. ஆகவே, இழப்பீடு முழுமையாகக் கிடைப்பதும் குறைவதும், வீட்டுக்காரர் முதல் ஓரிரு நாட்களில் எதைப் பதிவு செய்தார், எதைப் பாதுகாத்தார் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. அதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

நமக்கு நேராதா?

நம் நாட்டில் ஆலங்கட்டி மழை பெரும்பாலும் மார்ச் முதல் மே வரையான கோடைக்கால இடிமழையோடு வருகிறது. நிலம் சூடேறி, ஈரக்காற்று வேகமாக மேலெழும்போது, உயர்ந்த இடிமேகங்களுக்குள் நீர்த்துளிகள் உறைகின்றன. மேலெழும் காற்று அவற்றைத் தாங்கி நிற்கும் வரை பனிக்கட்டி அடுக்கடுக்காகப் பருக்கிறது. தாங்க முடியாத எடையை எட்டியதும் விழுகிறது. வடமேற்கு மாநிலங்களும், மகாராட்டிரத்தின் விதர்ப்பா, மராத்வாடா பகுதிகளும், வடகிழக்கு மாநிலங்களும் இதை நன்கறிந்தவை. தமிழகத்திலும் நீலகிரி, ஓசூர், கொடைக்கானல் பகுதிகளில் கோடையில் ஆலங்கட்டி விழுவதுண்டு. 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் அருகே பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் உயிரிழந்தனர். உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில், ஆலங்கட்டியால் மிகுதியான உயிரிழப்பு நேர்ந்த நிகழ்வாக இன்றளவும் அதுவே இடம்பெற்றுள்ளது.

கையில் இருப்பது எந்தப் பத்திரம்?

வீட்டுக் கடன் பெற்ற வாடிக்கையாளர் பலர், "கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் போட்டுவிட்டார்கள்" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதியை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. கடனோடு சேர்த்து எடுக்கப்படுவது பல நேரங்களில் கடன் பாதுகாப்புக் காப்பீடாக இருக்கும். அது கடன் பெற்றவரின் உயிர் மீதானது. அவர் மறைந்தால் கடன் நிலுவையைத் தீர்க்க உதவும். கூரையில் விழுந்த ஓட்டைக்கு அது ஒரு ரூபாயும் தராது. கட்டடத்திற்கும் வீட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்பளிப்பது சொத்துக் காப்பீடு. இரண்டும் வெவ்வேறு.

உங்கள் பெயரில் சொத்துக் காப்பீடு உள்ளதா என்று தெரியவில்லையா? கடன் கணக்கு உள்ள கிளையில் கேட்டுப் பத்திரத்தின் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். வீடு வங்கியின் அடமானத்தில் இருந்தால், பத்திரத்தில் வங்கியின் பெயரும் இடம்பெற்றிருக்கும். அவ்வாறெனில் இழப்பீட்டுத் தொகை வங்கியின் வழியாக வரக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. புயல், சூறாவளி, வெள்ளம், மின்னல், நிலநடுக்கம், நிலச்சரிவு முதலியவற்றால் நேரும் இழப்புகள் இதில் அடங்கும். ஆலங்கட்டி பெரும்பாலும் புயல்மழையின் பகுதியாகவே விழுகிறது. எனினும் 'ஆலங்கட்டி' என்ற சொல் உங்கள் பத்திரத்தில் வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், அதனால் நேரும் சேதம் அடங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வானம் தெளிந்திருக்கும் நாளில் கேட்கும் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்.

தொகையைக் குறைத்து எழுதாதீர்

காப்பீட்டுத் தொகை என்பது வீட்டின் விற்பனை விலை அன்று. நிலத்தின் மதிப்பு அதில் சேராது. வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவே கணக்கு. எடுத்துக்காட்டாக, 80 சதுர மீட்டர் உட்பரப்புள்ள வீட்டைக் கட்டச் சதுர மீட்டருக்கு ரூ.20,000 ஆகும் என்று கொண்டால், காப்பீட்டுத் தொகை ரூ.16 லட்சம். பாரத் கிருஹ ரக்ஷா திட்டத்தில் கட்டடத்தைக் காப்பீடு செய்தால், வீட்டுப் பொருள்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை தானாகவே பாதுகாப்புச் சேரும். மேற்கண்ட வீட்டுக்கு அது ரூ.3.2 லட்சம். ஓட்டை வழியே இறங்கிய மழையில் நனைந்த மெத்தைக்கும் தொலைக்காட்சிக்கும் இப்பகுதியே கைகொடுக்கும்.

பிற வகைப் பத்திரங்களில் 'சராசரி விதி' இருக்கக்கூடும். ரூ.20 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை ரூ.10 லட்சத்திற்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், ரூ.2 லட்சம் இழப்புக்கு ரூ.1 லட்சமே கிடைக்கும் என்பது அவ்விதியின் சாரம். பாரத் கிருஹ ரக்ஷா திட்டத்தில் இவ்விதி தளர்த்தப்பட்டுள்ளது. ஆயினும் பத்திரத்தில் எழுதிய தொகையே உச்ச வரம்பு என்பதால், சரியான மதிப்பை எழுதுவதே அறிவுடைமை. கூரை எதனால் ஆனது என்பதையும் விண்ணப்பத்தில் உள்ளபடியே குறிப்பிடுங்கள். ஓலைக் கூரையைக் கான்கிரீட் தளம் என்று எழுதினால், பின்னர் அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

கூரைக்கேற்ற சேதம்

நெளிதகரத்தில் ஓட்டை விழுந்தால் பார்த்தவுடன் தெரியும். நசுங்கல் மட்டும் இருந்தால் துத்தநாகப் பூச்சு விரிசல் கண்டு, நாளடைவில் அவ்விடம் துருப்பிடிக்கும். ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை விட, மயிரிழை விரிசல் கண்ட ஓடே ஏமாற்றும்; அடுத்த மழையில்தான் அது ஒழுகும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆள் எடையைத் தாங்காது. சேதம் பார்க்க அதன் மீது ஏறவே கூடாது. உடைந்த துண்டுகளை அப்புறப்படுத்த நேர்ந்தால் நீர் தெளித்து நனைத்த பிறகே எடுக்க வேண்டும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கான்கிரீட் தளம் பொதுவாகத் தப்பிவிடும். ஆனால் அதன் மேலுள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கண்ணாடிக் கூரை, சூரிய மின்தகடு ஆகியவை தப்புவதில்லை. 'பிஎம் சூர்ய கர்' திட்டம் 2024இல் தொடங்கியபின் மாடிகளில் சூரியத் தகடுகள் பெருகி வருகின்றன. சர்வதேசத் தரச் சோதனையில் இத்தகடுகள் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பனிக்குண்டு நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் மோதுவதைத் தாங்க வேண்டும். அதைவிடப் பெரிய கட்டிகள் விழுந்திருந்தால், கண்ணாடி உடையாமலே உள்ளே நுண்விரிசல் ஏற்படக்கூடும். மழைக்கு முந்தைய வாரத்தின் மின் உற்பத்தி அளவையும் பிந்தைய வாரத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேகமூட்டமற்ற நாட்களிலும் வீழ்ச்சி தெரிந்தால், அந்தப் பதிவே உங்கள் சான்று.

முதல் நாற்பத்தெட்டு மணி நேரம்

மழை நின்று, மின்னல் அடங்கிய பிறகே வெளியே வாருங்கள். பின்னர் கீழ்க்கண்ட வரிசையில் செயல்படலாம்.

முதலாவதாக, கட்டிகள் உருகுமுன் படம் எடுங்கள். ஒரு கட்டியின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் பிடித்தால் அதன் பருமன் விளங்கும். செல்பேசியின் படத்தில் நாளும் நேரமும் பதிவாகும். இரண்டு மூன்று கட்டிகளை நெகிழிப் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைப்பதும் பயன்தரும்.

இரண்டாவதாக, சேதத்தைத் தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும் படமெடுங்கள். முழு வீடும் தெரியும் ஒரு படம், ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு படம், அதன் நேர்கீழே உள்ள அறையின் கூரையடி, சுவர், நனைந்த பொருள்கள் என்று வரிசையாக எடுங்கள். மேலே விழுந்த அடிக்கும் கீழே ஏற்பட்ட ஈரத்திற்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் நிலைநாட்டப்படும். பழைய கசிவுக்கு இழப்பீடு கிடையாது. புயல் திறந்த வழியே புகுந்த நீர் என்று காட்ட வேண்டும்.

மூன்றாவதாக, காப்பீட்டு நிறுவனத்திற்கு உடனே தகவல் தெரிவித்துக் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா திட்டத்தில், இழப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கோரிக்கைப் படிவத்தை அளிக்க வேண்டும்.

நான்காவதாக, மேலும் சேதம் நேராமல் காப்பது உங்கள் கடமை. தார்ப்பாய் விரித்துக் கட்டுங்கள்; பொருள்களை உலர்ந்த இடத்திற்கு மாற்றுங்கள்; அதற்கான ரசீதுகளை வையுங்கள். ஆனால் மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் கூரையை முற்றாக மாற்றிவிடாதீர்கள். உடைந்த ஓடுகளையும் தகரத்தையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாமல் ஒரு மூலையில் அடுக்கி வையுங்கள். கடையில் அவை சில நூறு ரூபாய்தான் பெறும். கோரிக்கையில் அவற்றின் மதிப்பு மிகப் பெரியது.

சர்வேயர் வரும்போது

இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் உரிமம் பெற்ற சர்வேயரை அனுப்பும். அவருக்குரிய கட்டணத்தை நிறுவனமே தரும். நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அவர் வரும்போது வீட்டில் இருங்கள். படங்கள், பத்திர நகல், வீட்டு வரி ரசீது, கொத்தனாரோ தச்சரோ எழுதித் தந்த இரண்டு செலவு மதிப்பீடுகள், அன்றைய மழை பற்றிய நாளிதழ்ச் செய்தி ஆகியவற்றை ஒரே கோப்பில் தயாராக வையுங்கள். தேவைப்பட்டால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவும் துணைநிற்கும்.

சர்வேயர் எழுப்பும் முதற்கேள்வி பெரும்பாலும், "இது பழைய துருவா, புதிய அடியா?" என்பதாகவே இருக்கும். தேய்மானத்திற்கு இழப்பீடு இல்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில், கோடைமழைக்கு முன், கூரையைப் பழுதுபார்த்துப் படமெடுத்து வைத்திருப்பவருக்கு இக்கேள்வியால் அச்சமில்லை. இன்னொன்றையும் நினைவில் கொள்க. தகரக் கூரைக்குப் பதிலாகக் கான்கிரீட் தளம் போட விரும்பினால், கூடுதல் செலவு உங்களுடையது. முன்பிருந்த நிலைக்குத் திரும்பக் கொணரும் செலவையே காப்பீடு ஏற்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடி பொதுச்சொத்து என்பதால், குடியிருப்போர் சங்கத்தின் பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள்.

மறுக்கப்பட்டால்

மறுப்போ, குறைந்த தொகையோ வந்தால் மனம் தளர வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையத்தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனை அணுகலாம். ரூ.50 லட்சம் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி வாடிக்கையாளர்களுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது.

அரசு நிவாரணம் போதாதா?

ஆலங்கட்டி மழை அரசு அறிவித்த பேரிடர்களுள் ஒன்று. எனவே வருவாய்த் துறையிடம் சேதத்தைத் தெரிவிப்பது அவசியம். ஆனால் தொகையைப் பாருங்கள். 2022 முதல் 2026 வரையான காலத்திற்கு வகுக்கப்பட்ட மாநிலப் பேரிடர் நிவாரண நிதி நெறிகளின்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த உறுதியான வீட்டிற்கு ரூ.6,500, உறுதியற்ற வீட்டிற்கு ரூ.4,000. அன்றைய நெருக்கடிக்கு அது உதவும். ஒரு கூரையை மீண்டும் வேய அது போதாது. நிவாரணத்திற்கும் காப்பீட்டிற்கும் உள்ள இடைவெளியைத்தான் குடும்பங்கள் தங்கள் சேமிப்பிலிருந்தும், சில வேளை நகையை அடகு வைத்தும் நிரப்புகின்றன.

நம் பெரியவர்கள் கோடைமழைக்கு முன் ஓடு மாற்றுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். அவ்வழக்கத்தோடு நாம் இரண்டு வேலைகளைச் சேர்த்துக்கொள்வோம்: கூரையைப் படமெடுத்து வைப்பது; பத்திரத்தைத் திறந்து ஒருமுறை படித்துப் பார்ப்பது. படிக்கும்போது விளங்காத வரி இருந்தால், பத்திரத்தோடு கிளைக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.