மழை பட்டால் மாயமாகும் கல்!
வானத்தில் இருந்து வந்த அபூர்வ கந்தகத் தாது

கல் என்றால் உறுதி. "கல்போல் இருக்கிறான்" என்று சொல்கிறோம். ஆனால் மழை பட்டால் கெட்டுப்போகும் கல் ஒன்று உண்டு. ஈரக்காற்று பட்டாலே அது தன் குணத்தை இழந்துவிடும்!

அந்தக் கல்லின் பெயர் ஓல்டாமைட்.

உலகம் முதன் முதலில் அதைக் கண்டது, இந்தியாவில் விழுந்த ஒரு விண்கல்லில்தான்.

செஞ்சிப் பாறையும் இந்தக் கல்லும்

அனந்தபுரத்தில் இருந்து செஞ்சிக்குப் போகிறவர்கள், வழி நெடுக உருண்டை உருண்டையாகக் குவிந்து கிடக்கும் பாறைகளைப் பார்த்து இருப்பார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளும் அப்படிப்பட்டவையே. பூமிக்கு அடியில் உருவாகி சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆன பாறைகள் இவை. எத்தனையோ மழையும் வெயிலும் பார்த்துவிட்டு, இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன.

ஓல்டாமைட் இந்தப் பாறைகளைவிட வயதில் மூத்தது. அதைத் தாங்கி வந்த விண்கல்லின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள்! ஆயினும் ஒரு மழைக்காலத்தைக்கூட அதனால் வெளியில் தாங்க முடியாது.

ஏன்?

சுண்ணாம்பும் கந்தகமும்

சுண்ணாம்பில் உள்ள உலோகம் கால்சியம். தீக்குச்சியிலும் பட்டாசிலும் உள்ள மஞ்சள் பொருள் கந்தகம். இந்த இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் அதுதான் ஓல்டாமைட். 100 கிராம் ஓல்டாமைட்டை எடுத்துக்கொண்டால், அதில் சுமார் 56 கிராம் கால்சியம். மீதி 44 கிராம் கந்தகம்.

இதில் வேடிக்கை என்ன என்றால், பூமியில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. ஆனாலும் இரண்டும் இந்த வடிவத்தில் சேருவது மிக மிக அபூர்வம். காரணம், பிராணவாயு. பிராணவாயு இருக்கிற இடத்தில், கால்சியம் அதை விட்டுவிட்டுக் கந்தகத்துடன் கைகோர்ப்பது இல்லை. பூமியின் பாறைகளிலோ பிராணவாயு நிறைய இருக்கிறது. எனவே இங்கே கால்சியம் சுண்ணாம்புக் கல்லாகவும், ஜிப்சமாகவும், வேறு பல பாறைகளாகவும் கிடைக்கிறது.

பிராணவாயு மிகக் குறைந்த இடத்தில், கடும் சூட்டில்தான் ஓல்டாமைட் பிறக்கும். சில விண்கற்கள் பிறந்த இடம் அப்படிப்பட்டது. பூமியில், தானே தீப்பிடித்து எரியும் நிலக்கரிக் கழிவுக் குவியல்களில் அபூர்வமாகக் காணப்பட்டு இருக்கிறது.

அடையாளம் என்ன?

நிறம் இளம் பழுப்பு. புதிதாக உடைத்தால் ஒளி ஊடுருவும். நகத்தால் கீற முடியாது, கத்தியால் கீறலாம். தண்ணீரைப்போல் சுமார் இரண்டரை மடங்கு கனம். உடைத்தால் உப்புக் கல்லைப்போல் சதுரம் சதுரமாக உடையும். உப்பில் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டு இருக்கின்றனவோ, அதேபோன்ற அடுக்குத்தான் இதிலும்.

அமிலத்தில் போட்டால் கரையும். அப்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும்! ஈரம் பட்டாலும் இதே கதைதான். கந்தகம் வாயுவாகக் கிளம்பும். மிஞ்சுகிற கால்சியம் நாளடைவில் சுண்ணாம்பாகவோ ஜிப்சமாகவோ மாறிவிடும். அதன் பிறகு அங்கே ஓல்டாமைட் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

எந்தக் குடும்பம்?

பூமியில் ஆயிரக்கணக்கான தாதுக்கள் உள்ளன. நிபுணர்கள் அவற்றை வகுப்பு வகுப்பாகப் பிரித்து இருக்கிறார்கள். உலோகம் எதனுடன் கூட்டுச் சேர்ந்து இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கந்தகத்துடன் மட்டும் சேர்ந்து இருந்தால், அது "சல்பைடு" வகுப்பு. தங்கம்போல் மின்னி ஏமாற்றும் பைரைட் இந்த வகுப்பைச் சேர்ந்ததே.

அடுத்த கேள்வி, அணுக்களின் அடுக்கு எப்படி என்பது. உப்பைப்போல் அடுக்கு உள்ள சல்பைடுகளை ஒரு குடும்பமாக வைத்து இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் பெயர் பெற்றது கலீனா. ஈயம் எடுக்கப்படும் தாது இது. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரில் பூமிக்கு அடியில் ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் சல்பைடு தாதுக்கள் இருக்கின்றன. அங்கு உள்ள கலீனாவும் ஓல்டாமைட்டும் ஒரே குடும்பம். உறவு முறையில் பங்காளிகள் என்று சொல்லலாம்!

பஸ்தியில் விழுந்த கல்

1852-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ந் தேதி. இன்றைய உத்தரபிரதேச மாநிலத்தில் உள்ள பஸ்தி என்ற இடத்தில் வானத்தில் இருந்து ஒரு கல் விழுந்தது. எடை சுமார் ஒன்றரை கிலோதான். வெளிநிறக் கல். அதில் இரும்பு மிகக் குறைவு.

அந்தக் கல்லைக் காப்பாற்றியவர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் என்பவர். அவர் அதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் தாதுப் பிரிவின் தலைவராக இருந்த மாஸ்கலின் அதை ஆராய்ந்தார். விண்கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து, பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்துப் பார்த்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

கல்லின் உள்ளே சிறுசிறு உருண்டைகள் பழுப்பு நிறத்தில் தெரிந்தன. அவற்றின் மேல் ஜிப்சம் மூடி இருந்தது. அதாவது, கெட்டுப்போகும் வேலை அப்போதே தொடங்கி இருந்தது! உள்ளே இருந்தது, அதுவரை யாரும் அறியாத தாது.

1862-ம் ஆண்டு அதற்கு "ஓல்டாமைட்" என்று பெயர் சூட்டினார் மாஸ்கலின்.

அதே கல்லில் பொன் நிறத்தில் மிக நுண்ணிய மணிகளும் இருந்தன. அவற்றுக்கு, கல்லைக் காப்பாற்றியவரின் நினைவாக "ஆஸ்போர்னைட்" என்று பெயர் வைத்தார்கள். டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்த பொருள் அது. இன்று துளைபோடும் கருவிகளின் முனையில் தங்க நிறத்தில் பூசப்படுவது, தொழிற்சாலையில் தயாராகும் அதே பொருள்தான்.

யார் இந்த ஓல்டாம்?

தாமஸ் ஓல்டாம் அயர்லாந்து நாட்டுக்காரர். 1851-ம் ஆண்டு கல்கத்தா வந்து, இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவராகப் பொறுப்பு ஏற்றார். சுமார் 25 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

நம் மாவட்டத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அவர் தலைவராக இருந்த காலத்தில்தான் வில்லியம் கிங், புரூஸ் பூட் என்ற இருவர் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு பகுதிகளின் பாறைகளை ஆராய்ந்து எழுதினார்கள். அந்த அறிக்கை 1864-ல் வெளிவந்தது. 1863-ல் சென்னை பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டுபிடித்த அதே புரூஸ் பூட்தான் இவர்.

170 ஆண்டுக்குப் பிறகு

பஸ்தி கல்லை "ஆப்ரைட்" என்ற வகையில் சேர்த்து இருக்கிறார்கள். விண்கற்களிலேயே அபூர்வ வகை. அதன் பிறகு இந்தியாவில் அந்த வகைக் கல் விழுந்தது எப்போது தெரியுமா? 2022-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி!

குஜராத் மாநிலம் பனஸ்கந்தா மாவட்டத்தில் ராவேல், ரண்டிலா என்ற இரு கிராமங்களில் துண்டு துண்டாக விழுந்தது. ராவேலில் ஒரு துண்டு வேப்பமரத்தில் மோதிச் சிதறியது. ரண்டிலாவில் ஒரு வீட்டு முகப்பின் தரையில் விழுந்து நொறுங்கியது. கிராம மக்கள் துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தினார்கள். ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் அவற்றை ஆராய்ந்து, அது ஆப்ரைட் என்று கண்டறிந்தனர். அதற்கு "தியோதர்" என்று பெயர்.

புதன் கிரகத்தின் சாவி

"இதனால் என்ன பயன்?" என்று கேட்கலாம்.

அமெரிக்காவின் "மெசஞ்சர்" விண்கலம் 2011 முதல் 2015 வரை புதன் கிரகத்தைச் சுற்றி வந்தது. அங்கே தரையில் கந்தகம் ஏராளமாக இருப்பதைக் கண்டது. கால்சியம் கூடுதலாக உள்ள இடத்தில் கந்தகமும் கூடுதலாக இருந்தது. எனவே அங்கு ஓல்டாமைட் போன்ற தாது இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். புதனில் இருந்து யாரும் கல் எடுத்து வந்தது இல்லை. கையில் உள்ள இத்தகைய விண்கற்களை வைத்துத்தான் அந்தக் கிரகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

வானத்தில் இருந்து கல் விழுந்தால் நம் மக்கள் சிலர் பொட்டு வைத்து, பால் ஊற்றிப் பூஜை செய்வது உண்டு. பக்தி நல்லதுதான். ஆனால் இந்த வகைக் கல்லுக்குத் தண்ணீர் எமன்.

கல்லைக் கழுவாதீர்கள். ஈரக் கையால் தொடாதீர்கள். காய்ந்த காகிதத்தில் சுற்றி, மூடி உள்ள பாத்திரத்தில் வையுங்கள். விழுந்த நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உடனே கிராம நிர்வாக அதிகாரியிடமோ, தாசில்தாரிடமோ சொல்லுங்கள். அங்கிருந்து தகவல் இந்திய புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகும்.

450 கோடி ஆண்டுகள் கெடாமல் வந்த பொருள், நம் வாசலில் ஒரு செம்புத் தண்ணீரில் கெட்டுவிடக் கூடாது அல்லவா?