பழைய பில் புரோகிராமை மாற்றலாமா?

"இது பழைய மொழி, புதிதாகத்தான் எழுத வேண்டும்" என்று கம்ப்யூட்டர்காரர் சொன்னதும் நாம் தலையாட்டிவிடுகிறோம். இல்லையேல் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டிலும் நஷ்டம் நமக்கே.

நம் கடைகளின் பழைய புரோகிராம்கள் பல ஃபாக்ஸ்புரோவிலும் விஷுவல் பேசிக் 6-லும் எழுதப்பட்டவை. மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக் 6-க்கு 2008-லும், விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு 2015-லும் ஆதரவை நிறுத்தியது. ஆனாலும் இவை விண்டோஸ் 11-லும் பெரும்பாலும் ஓடுகின்றன. டாஸ் கால ஃபாக்ஸ்புரோதான் அதில் நேரடியாக ஓடாது. விஷுவல் பேசிக் 6-லிருந்து டாட்நெட்டுக்குப் போவதோ பெயருக்குத்தான் 'அப்கிரேடு'. பெரும்பகுதியைத் திரும்ப எழுத நேரும். கூலி பேசும்போது இது நினைவிருக்கட்டும்.

எனவே மொழியின் வயதை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்போம்.

1. வரி மாறினால் திருத்தித் தர ஆள் உண்டா? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பர் 22-ல் விகிதங்களும் மாறின.

2. சோர்ஸ் கோடு நம் கைவசம் உள்ளதா?

3. கடன் பாக்கி, சரக்கு இருப்பு விவரங்களைத் தனியே எடுக்க முடியுமா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பழையதே போதும். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் மாற்ற ஏற்பாடு செய்வோம். தீபாவளி வியாபாரத்தின் நடுவில் வேண்டாம். மார்ச் முழுவதும் பழையதிலும் புதியதிலும் பில் போட்டு, கணக்கு ஒத்துவந்தால் ஏப்ரல் 1-ல் புதுக்கணக்கைப் புதியதில் தொடங்குவோம்.