தோளில் சுமந்த கோயில்

கோயில் என்ற சொல்லே நிலைபேற்றைக் குறிக்கிறது. அரசன் வாழும் இல்லம் கோயிலாயிற்று. பின்னர் இறைவன் உறையும் இடமும் அப்பெயரையே பெற்றது. கருங்கல்லில் அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, நூற்றாண்டுகளுக்கு அசையாதபடி நிறுத்துவதே வழிபாட்டிடத்தின் இலக்கணம் என்று நாம் பழகிவிட்டோம். அதற்கு நேர்மாறான ஓர் இலக்கணமும் உலகச் சமய வரலாற்றில் உண்டு. கழற்றி, மடித்து, தோளிலும் வண்டியிலும் ஏற்றிச் செல்லத்தக்க வழிபாட்டிடம் அது. விவிலியம் கூறும் ஆசரிப்புக் கூடாரம் அதன் புகழ்பெற்ற வடிவம்.

எபிரேய மொழியில் அதற்கு இரண்டு பெயர்கள் வழங்கின. ஒன்றுக்கு 'உறைவிடம்' என்றும், மற்றொன்றுக்குச் 'சந்திக்கும் கூடாரம்' என்றும் பொருள். தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'ஆசரிப்புக் கூடாரம்' என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'திருஉறைவிடம்', 'சந்திப்புக் கூடாரம்' என்ற சொற்களைக் கையாண்டது. ஐரோப்பிய மொழிகள் பயன்படுத்தும் 'டேபர்னேக்கிள்' என்ற சொல்லோ, சிறு குடில் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. எத்தனை மொழி கடந்தாலும் எளிமையும் தற்காலிகத் தன்மையும் அந்தப் பெயரை விட்டு நீங்கவில்லை.

யாத்திராகமம் அதன் அளவுகளை ஒரு தச்சனின் கணக்கேடு போல விவரிக்கிறது. வெளிமுற்றம் 100 முழ நீளமும் 50 முழ அகலமும் கொண்டது. உள்ளே 48 மரப்பலகைகள் நிறுத்தப்பட்டன. மெல்லிய பஞ்சுநூல் திரைகள் பத்து, அவற்றின்மீது வெள்ளாட்டு மயிர்த் திரைகள் பதினொன்று, அதற்கும் மேல் சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுக்கடாத் தோல். உள்ளறையான மகா பரிசுத்த இடம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்து முழம். அங்கே வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பெட்டியின் நீளம் இரண்டரை முழம்தான்.

அந்தப் பெட்டியின் இருபுறமும் வளையங்கள் உண்டு. அவற்றில் சுமைத்தண்டுகள் செருகப்பட்டிருக்கும். அத்தண்டுகளை ஒருபோதும் கழற்றலாகாது என்பது விதி. கூடாரத்தின் மற்றப் பாகங்களைச் சுமக்க மாட்டு வண்டிகள் அளிக்கப்பட்டன. பலகைகளைக் கொண்டுசெல்ல நான்கு வண்டிகள், திரைகளுக்கு இரண்டு. புனிதப் பொருள்களுக்கு மட்டும் வண்டி இல்லை. அவை மனிதர் தோளிலேயே செல்ல வேண்டும். புறப்படத் தயாரான நிலையிலேயே எப்போதும் இருப்பது, மனிதரின் தோளை நம்பியிருப்பது என்ற இரண்டு கருத்துகளை இந்த ஏற்பாடு உணர்த்துகிறது.

பின்னர் தாவீது மன்னன் தான் கேதுரு மர மாளிகையில் வாழ்வதையும், பெட்டி திரைகளுக்குள் இருப்பதையும் எண்ணி வருந்தி, நிலையான ஆலயம் கட்ட விரும்பினான். எனக்கொரு மாளிகை வேண்டுமென்று நான் எப்போதேனும் கேட்டதுண்டா என்ற பொருளில் அவனுக்கு மறுமொழி கிடைத்தது. அவன் மகன் சாலொமோன் ஆலயத்தைக் கட்டினான். கூடாரத்தைப்போல இரு மடங்கு நீளமும் அகலமும் கொண்ட அந்தக் கட்டடத்துக்குள்ளும் பெட்டியின் சுமைத்தண்டுகள் கழற்றப்படவில்லை. நிலைத்த கோயிலுக்குள்ளும் பயணத்தின் நினைவு காக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்த ஆலயம் பாபிலோனியரால் இடிக்கப்பட்டு மக்கள் நாடுகடத்தப்பட்டபோது, கட்டடமின்றியும் இறைவனை வழிபடலாம் என்ற அந்தப் பழைய நினைவே அவர்களுக்குத் துணைநின்றிருக்க வேண்டும்.

இது நமக்கு அந்நியமான அனுபவம் அன்று. 1323-இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, அழகிய மணவாளனின் உற்சவத் திருமேனி கோயிலைவிட்டு வெளியேறியது. முதிய வயதில் அந்தப் பயணத்தில் உடன்சென்ற பிள்ளை உலகாசிரியர் வழியிலேயே மறைந்தார். ஊர் ஊராக அலைந்து, திருமலையிலும் தங்கி, 1371-இல்தான் திருமேனி அரங்கம் திரும்பியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அரங்கனுக்கு மதில் இல்லை, கோபுரம் இல்லை. சுமந்தவர்களின் தோள்களே கோயிலாக இருந்தன. வீரசைவர் உடலில் அணியும் இட்டலிங்கமும், மகா சிவராத்திரியில் உசிலம்பட்டி வட்டார மக்கள் தலையில் சுமக்கும் சாமிப் பெட்டியும் இதே உணர்வின் வேறு வடிவங்கள்.

கொல்லிமலைப் பகுதிக்கும் இத்தகைய ஒரு கதை உண்டு. இந்த மலைத்தொடர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதைகளை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் தொகுப்பில் பதிவுசெய்திருக்கிறார். அவற்றுள் ஒன்றின்படி, காஞ்சியில் இருப்புக் கொள்ளாத கரிராமன் என்னும் தெய்வம் புதிய இருப்பிடம் தேடிப் புறப்பட்டது. பெரியணன், நடுவணன், சின்னணன் என்ற மூவர் குடும்பத்தோடு அதைப் பின்தொடர்ந்து சேலம் பகுதியின் மலைகளை அடைந்தனர். மக்கள் குடிபெயர்ந்ததால் தெய்வம் வரவில்லை. தெய்வம் குடிபெயர்ந்ததால் மக்கள் வந்தனர் என்பது இக்கதையின் நுட்பம்.

கூடாரம் என்ற சொல் பிற்காலத்தில் பல பொருள்களை ஏற்றது. கத்தோலிக்கத் தேவாலயங்களில் நற்கருணை அப்பம் வைக்கப்படும் பேழைக்கு அப்பெயர் நிலைத்தது. அதனருகே எரியும் அணையா விளக்கை எவரும் காணலாம். 1861-இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பாப்டிஸ்ட் போதகருக்காக எழுப்பப்பட்ட மாபெரும் வழிபாட்டு மன்றமும் அப்பெயரையே தாங்கியது. கல் தூண்கள் கொண்ட கட்டடத்துக்குக் கூடாரம் எனப் பெயரிட்டது, இதுவும் நிரந்தரமன்று என்று நினைவூட்டுவதற்காக எனலாம்.

எல்லாவற்றினும் ஆழமான பொருள், உடலே கூடாரம் என்பது. கூடாரம் செய்யும் தொழிலைக் கைவரப்பெற்றிருந்த பவுல், மனித உடலை அழியும் கூடாரமாகக் கண்டார். திருமூலரோ உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டார். ஒன்று உடலின் நிலையாமையையும், மற்றொன்று அதன் மதிப்பையும் முன்னிறுத்துகிறது. இவ்விரண்டு பார்வையும் ஒருங்கே செயலான வாழ்க்கை கொல்லிமலையில் நிகழ்ந்தது. சாலை இல்லாத அக்காலத்தில் இங்கே குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் கிறித்தவப் பணியோடு மருத்துவமும் செய்து, பள்ளிகளும் நடத்தினர். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் முதுமையில் மீண்டும் மலையேறி, 1974-இல் 95-ஆம் வயதில் மறையும்வரை மலைவாழ் மக்களிடையே பணியாற்றினார். 1914-இல் பிறந்த அவர்களின் மகன் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சையால் இயக்கம் தந்தார். சமூகம் தீண்ட மறுத்த உடலைச் செப்பனிடத்தக்க உறைவிடமாக அவர் கண்டார்.

இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் வருவோர், இம்மலையில் கோபுரம் உள்ள அறப்பளீசுவரர் கோயிலை எளிதில் அறிவர். மரக்கூட்டத்தின் நடுவே கூரையும் சுவருமின்றி அமைந்த கோயில்காடுகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அங்கே மரங்களே திரை, வானமே விதானம். தெய்வத்துக்கு அஞ்சி எவரும் கோடரி வைக்காததால்தான் அரிய மரங்களும் ஊற்றுகளும் பிழைத்தன. ஆனால், தமிழகத்தின் பல பகுதிகளில் இத்தகைய காடுகள் சுருங்கி வருகின்றன. வெட்டவெளித் தெய்வத்துக்குப் பக்தியின் பெயரால் சிமெண்ட் மண்டபமும் ஓடு பதித்த தரையும் அமைக்கும்போது, அந்தத் தெய்வம் இதுவரை காத்துவந்த மரங்களே முதலில் வெட்டப்படுகின்றன.

கட்டுவோரின் நோக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. தாவீதின் விருப்பமும் தூய அன்பிலிருந்து எழுந்ததே. எனினும் அவனிடம் கேட்கப்பட்ட வினா இன்றும் பொருந்தும்: இதைத் தெய்வம் கேட்டதா, அல்லது நம் பெருமை கேட்கிறதா? கோயில்காட்டில் புதுக் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டும் ஊர்க் குழுக்கள், அடிக்கல் நாட்டும் முன் அதே தொகையில் காட்டுக்கு வேலியிடவும், ஊற்றைத் தூர்வாரவும், பட்டுப்போன மரங்களுக்கு ஈடாக அதே இனக் கன்றுகளை நடவும் முடியுமா என்று கூடிப் பேசலாம். வனத்துறையும் அறநிலையத்துறையும் அப்பணிக்கு உதவலாம். அங்கு உறையும் தெய்வத்துக்கு அதனால் ஒரு குறையும் நேராது. காடும் நீரும் அடுத்த தலைமுறைக்கு எஞ்சும்.