டிராக்டரின் அடிப்பாகம் அடிபட்டால்: ஆயில் கசிவைக் கண்டறியும் முறைகள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள ஸ்ரீரங்கம் தீவில் திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு போன்ற ஊர்களில் நெல்லும் வாழையும் முக்கியப் பயிர்கள். அங்கே டிராக்டர் வயலுக்கு வயல் இறங்கி ஏறும்போது, உயர்ந்த வரப்போ மதகின் சிமெண்டு விளிம்போ அடிப்பாகத்தில் இடித்துவிடுவது உண்டு. மணப்பாறைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் பாறைக்கல்லும் சீமைக்கருவேலங்கட்டையும் இதே சேதத்தைச் செய்கின்றன.

முறைத்தண்ணீர் முடிவதற்குள் மீதி வயலையும் உழுதுவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யக்கூடாது. ஆயில் வற்றிய எஞ்சின் சில நிமிடங்களில் இறுகிவிடக்கூடும். ஆயில் தொட்டியைச் சரிசெய்யும் செலவு எங்கே, எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு எங்கே!

முதலில் செய்ய வேண்டியவை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து அளவுக்கம்பியைத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தாலோ, ஆயில் அழுத்த விளக்கு எரிந்திருந்தாலோ எஞ்சினை மீண்டும் இயக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கெட்டியான மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள்.

கசிவது எது?

அடியில் ஒரு அட்டையை விரித்து, சொட்டுவதைப் பாருங்கள்.

1. கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில்.
2. தேன் நிறத்தில் கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் கியர் பெட்டி அல்லது ஹைட்ராலிக் ஆயில்.
3. மெல்லியதாக, டீசல் வாடை வீசினால் எரிபொருள் குழாயில் சேதம்.
4. பச்சை போன்ற நிறத்தில், தண்ணீர் போல இருந்தால் ரேடியேட்டர் நீர்.

கசிவது எங்கே?

சொட்டும் இடமே ஓட்டை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆயில் மேலிருந்து வழிந்து, தாழ்ந்த இடத்தில் சொட்டும். அடிப்பாகத்தை டீசல் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, முகப்பவுடரைத் தூவுங்கள். முதலில் நனையும் இடமே கசியும் இடம். எஞ்சின் நின்றிருக்கும்போதும் சொட்டினால் ஆயில் தொட்டி, அதன் பேக்கிங், வடிமரை ஆகியவற்றைப் பாருங்கள். ஆயில் அளவு போதுமானதாக இருந்தால் எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டிப் பார்க்கலாம். ஓடும்போது மட்டும் கசிந்தால் ஆயில் பில்டரையும் அழுத்தக் குழாய்களையும் பாருங்கள். ஹைட்ராலிக் குழாயைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அழுத்தத்துடன் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துவிடும்.

பல டிராக்டர்களில் கிளட்ச் உறையின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே ஆயில் வந்தால் உள்ளே இருக்கும் ஆயில் சீல் கெட்டிருக்கிறது என்று பொருள். கறுப்பு ஆயில் எஞ்சின் பக்கத்துச் சீலையும், தேன் நிற ஆயில் கியர் பெட்டிப் பக்கத்துச் சீலையும் காட்டிக்கொடுக்கும்.

சேற்றுழவின்போது

விரிசல் வழியே ஆயில் வெளியேறுவதுபோல் சேற்று நீர் உள்ளேயும் புகும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறியலாம். அதை முழுவதும் வடித்து, பழுது நீக்கி, புது ஆயில் ஊற்றாமல் வண்டியை ஓட்டக் கூடாது.

தற்காலிக அடைப்பு

வடிமரை தளர்ந்திருந்தால் வாஷரை மாற்றி அளவாக முடுக்குங்கள். மிகையாக முடுக்கினால் மரை அழிந்துவிடும். மெல்லிய விரிசலில் சலவை சோப்பை அழுத்தித் தேய்த்தால் கசிவு சற்றே குறையும். ஆயிலை வடித்து, இடத்தைச் சுத்தமாக உலர்த்தி எம்-சீல் வைத்தால் இன்னும் சிறிது காலம் தாங்கும். இவை பட்டறை போய்ச் சேரும் வரைதான்.

கார், ஜீப் ஆகியவற்றின் ஆயில் தொட்டி பெரும்பாலும் மெல்லிய தகடு. கசிவே இல்லாவிட்டாலும், உள்வாங்கிய தகடு ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடலாம். ஆகவே அடிபட்டு நசுங்கியிருந்தால் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சிந்திய ஆயில் வாய்க்காலில் கலக்காதபடி, நனைந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்துங்கள். நாள்தோறும் வண்டியை எடுக்கும் முன் அளவுக்கம்பியையும் வண்டி நின்ற தரையையும் ஒருமுறை பார்த்து வந்தால், உழவுப் பருவத்தில் டிராக்டர் படுத்துவிடும் இழப்பைத் தவிர்க்கலாம்.