உம் கொட்டி எடுத்த தீர்மானம்

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உலகத்தாரின் இணையப் போக்குவரத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்த விஷயத்தை, 2013 ஜூன் மாதத்தில் எட்வர்ட் ஸ்னோடன் பத்திரிகைகளின் வாயிலாக அம்பலப்படுத்தியபோது, ராஜதந்திரிகள் சம்பிரதாயமான கண்டனங்களோடு திருப்தியடைந்தார்கள். காரியத்தில் இறங்கியவர்களோ, இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்ற சர்வதேசப் பொறியாளர் சபையினர்தாம்.

வெளியான ஆவணங்களுள் கையால் வரைந்த சித்திரம் ஒன்று உண்டு. கூகுளின் தரவு மையங்களுக்கும் வெளியுலகுக்கும் நடுவே மறையாக்கம் கழற்றப்படும் இடத்தை அம்புக்குறியால் காட்டி, பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தையும் வரைந்து வைத்திருந்தார்கள். கூகுளோடு நெருங்கிய தொடர்புள்ள பொறியாளர் இருவர் அதைக் கண்டு உதிர்த்த வசைமொழிகள் இங்கே எழுதத் தக்கவையல்ல.

அவ்வாண்டு நவம்பரில் கனடாவின் வான்கூவர் நகரில் சபை கூடிற்று. கை தூக்கி வாக்கெண்ணுவது அங்கே வழக்கமன்று. ஆதரிப்பவர்கள் வாய் திறவாமல் ‘உம்’ கொட்ட, அந்த ஓசையின் கனத்தைக் கொண்டே தலைவர் சபையின் அபிப்பிராயத்தை நிதானிப்பார். அன்று எழுந்த பலத்த ஓசையைத் தொடர்ந்து 2014 மே மாதத்தில் பிரசுரமான ஆர்.எஃப்.சி. 7258 என்னும் சிறிய ஆவணம், மக்கள் யாவரையும் ஒருசேரக் கண்காணிப்பது ஒரு தாக்குதலே என்றும், தாக்குபவர் அரசாங்கமா, வர்த்தக ஸ்தாபனமா, திருடனா, அவர் நோக்கம் யாது என்ற விசாரணை பொறியாளருக்கு அவசியமில்லை என்றும் விதித்தது. நோக்கத்தை ஆராயப் புகுந்திருந்தால் சபை இன்றளவும் விவாதித்துக்கொண்டே இருந்திருக்கும் என்பது என் துணிபு.

ஒற்றறிதலை அடியோடு ஒழிப்பதாக அவர்கள் பிரதிக்ஞை செய்யவில்லை. மலிவாக நடந்துவந்த காரியத்தைப் பெருஞ்செலவுள்ளதாக்குவதே அவர்கள் கருத்து. உரையாடலை மறையாக்கும் பழைய முறையில், உலாவியானது இரகசிய எண்ணொன்றைச் சர்வரின் நிரந்தரத் திறவுகோலுக்குரிய பூட்டினுள் வைத்து அனுப்பும். ஆகவே, இன்றைய உரையாடல்களைப் பொருள் விளங்காமலேயே சேமித்து வைக்கும் ஒற்றன், பத்தாண்டு கழித்து அந்த ஒரு திறவுகோலைக் கைப்பற்றினால், சேமித்த அனைத்தையும் வாசித்துவிடலாம். இந்த மறையாக்க நெறிமுறையின் புதிய பதிப்பாக 2018 ஆகஸ்டில் வெளிவந்த டி.எல்.எஸ். 1.3, இம்முறையை அறவே நீக்கி, ஒவ்வொரு தொடர்புக்கும் அப்போதே பிறந்து அப்போதே மாயும் திறவுகோல்களை ஏற்பாடு செய்தது. தங்கள் மையங்களுக்குள் நடப்பதைத் தாங்களே பரிசோதிக்கப் பழைய முறை வேண்டுமென்று வங்கித் துறையினர் ஆட்சேபித்தார்கள். காவலனுக்கென்று வைக்கும் திட்டிவாசல் கள்வனுக்கும் உதவுமாதலால், சபை இணங்காமற்போனது நியாயமே.

தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் டி.என்.எஸ். விசாரணையை மூடி அனுப்பவும் 2016-லும் 2018-லும் வழிகள் வகுக்கப்பட்டன. எனினும், நாம் நாடும் தளத்தின் பெயர், தொடர்பின் முதற்செய்தியிலே இன்றும் பல இடங்களில் வெளிப்படையாகவே செல்கிறது; அதையும் மறைக்க முறை வகுத்தாயிற்று, தளங்களை நடத்துவோர்தாம் அதை இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை.