தாங்குநடை: வலியால் மாறும் நடையைக் குறிக்கும் ஜெர்மன் மருத்துவச் சொற்களும் தமிழாக்கமும்

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய நம் ஆய்வுகளில் மூலமொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே அமைந்துவிடுகிறது. ஜெர்மன் மருத்துவச் சொற்களை நோக்கின் வேறொரு நெறி புலனாகும். அவற்றுள் பல, கிரேக்க இலத்தீன் வேர்களை நாடாது, அன்றாட வழக்குச் சொற்களை இணைத்தே ஆக்கப்பட்டவை. வலியால் மாறும் நடையைக் குறிக்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றைத் தமிழாக்குகையில் எழும் சிக்கல்களை இக்கட்டுரையில் காண்போம்.

நோக்கத்தைச் சுட்டும் சொல்

ஒரு காலில் வலியுள்ளவர் அக்காலைத் தரையில் ஊன்றும் நேரத்தைக் குறைத்து, மறுகாலை விரைந்து எடுத்து வைப்பார். இந்நடையை ஜெர்மானிய மருத்துவர் ‘ஷோன்ஹிங்கன்’ என்பர். ‘ஹிங்கன்’ என்பது நொண்டுதல். ‘ஷோனன்’ என்பது வருத்தாமல் காத்தல். வயிற்றை வருத்தாத எளிய உணவு ‘ஷோன்கோஸ்ட்’ எனப்படுவதும், வேட்டை விலக்கப்பட்ட பருவம் ‘ஷோன்ட்சைட்’ எனப்படுவதும் இவ்வேரின் பொருளைத் தெளிவாக்கும். ஆகவே, இச்சொல் வலியைப் பெயரிடவில்லை. வலிக்கும் உறுப்பை உடல் காத்துக்கொள்ளும் செயலையே பெயரிடுகிறது. இதே நடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஆன்டால்ஜிக்’ என்னும் கிரேக்கவழிச் சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்த்தால் ‘வலியெதிர் நடை’ என்றாகும். அதனைக் கேட்கும் நோயாளிக்குத் தம் நடை கண்முன் தோன்றாது.

‘காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார்’ என்பது நாம் அனைவரும் கேட்டுப் பழகிய தொடர். கெந்தி நடத்தல், இழுத்து நடத்தல் ஆகியவற்றினின்று இது வேறுபட்டது. ‘ஷோனன்’ சுட்டும் பொருளை அப்படியே தருவது. எனவே ‘தாங்குநடை’ என்னும் ஆக்கத்தை நாம் பரிந்துரைக்கலாம். இதனால் வேறொரு நன்மையும் உண்டு. ஜெர்மன் மொழியில் பொருந்தாத ஒப்புமையைக்கூட ‘நொண்டுகிறது’ என்பர். மருத்துவக் குறிப்பிலும் அச்சொல் இயல்பாகவே வழங்கும். தமிழிலோ ‘நொண்டி’ என்பது வசையாகவே ஒலிக்கிறது. அகராதிப் பொருள் ஒன்றாயினும் சொல்லின் சுமை ஒன்றன்று.

வேற்றுமையுருபு தரும் இடர்

எனினும், இவ்வாக்கத்திலும் ஓர் இடர் உள்ளது. ‘தாங்கு’ என்னும் வினைக்குப் பாரத்தைச் சுமத்தல் என்ற பொருளும் உண்டு. ‘வலக்காலைத் தாங்கி நடக்கிறார்’ எனின், வலிப்பது வலக்கால். ‘வலக்காலில் தாங்கி நடக்கிறார்’ எனின், பாரத்தைச் சுமப்பது வலக்கால், வலிப்பது இடக்காலாகலாம். ‘ஐ’ உருபு ‘இல்’ உருபாக மாறியதும் நோயுற்ற காலும் மாறிவிடுகிறது! மருத்துவக் குறிப்பில் இது சிறு பிழையன்று.

இதனைத் தவிர்க்க, பாரம் ஏற்றலைக் குறிக்க ‘ஊன்று’ என்னும் வினையை ஒதுக்கிக்கொள்ளலாம். இயல்பான நடையில் ஒரு சுழற்சியின் ஏறத்தாழ 60 விழுக்காட்டு நேரம் ஒரு கால் தரையில் இருக்கும். எஞ்சிய 40 விழுக்காட்டு நேரம் காற்றில் வீசிச் செல்லும். இவற்றை முறையே ‘ஊன்றுநிலை’, ‘வீசுநிலை’ எனலாம். ‘தாங்குநடையில் வலிக்கும் காலின் ஊன்றுநிலை குறுகும்’ என்னும் வரையறையில் மயக்கத்திற்கு இடமில்லை.

கடைச்சாளர நோய்

காலின் தமனிகள் குறுகும்போது, சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்காலில் வலி எழும், நின்றால் தணியும். இதனை ஜெர்மானியர் ‘கடைச்சாளர நோய்’ என வழங்குவர். நோயாளி அடிக்கடி நின்று, கடைகளின் கண்ணாடிச் சாளரங்களைப் பார்ப்பவர்போல் தம் வலியை மறைப்பார் என்பது அப்பெயரின் கருத்து. இலத்தீன் வழக்கைப் பின்பற்றி ‘விட்டுவிட்டு நொண்டல்’ எனப் பெயர்ப்பின் பொருள் திரியும். இங்கு முதன்மையானது நொண்டுதலன்று, நிற்றலே. முதுகுத்தண்டுக் கால்வாய் குறுகுவதாலும் நடக்கையில் கால்வலி வரும். ஆனால், அது பெரும்பாலும் வெறுமனே நிற்பதால் தணியாது. அமர்ந்தாலோ முன்குனிந்தாலோதான் தணியும். ஆதலின், முன்னதனை ‘நின்றுதணி கால்வலி’ எனின், இரண்டையும் பிரித்தறியும் குறிப்பும் பெயரிலேயே அமைந்துவிடும்.

முடிவுரை

மூலச்சொல்லின் உறுப்புகளைப் பெயர்ப்பது எளிது. அச்சொல் எதனைக் கண்டு பெயரிட்டது என வினவுவதே பயனுடையது. அவ்வினாவிற்கு விடை பல வேளைகளில் நம் பேச்சு வழக்கிலேயே கிடைக்கும். அதனைக் கலைச்சொல்லாக ஏற்குமுன், தொடரில் வைத்துப் பொருள் தலைகீழாகிறதா எனச் சோதித்தல் நம் கடனாகும். மாணவர்க்குக் கலைச்சொல்லாக்கம் கற்பிக்கையில் இவ்விரண்டு படிகளையும் சேர்த்தே பயிற்றுதல் நன்று.